பாலம் போடாத தீவு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மயாமி நகரத்துக்கு எதிரே கடலில் ஒரு தீவு இருக்கிறது. பெயர் பிஷர் ஐலண்ட். சுமார் 216 ஏக்கர். அந்த நாட்டில் தனிநபர் வருமானம் மிக அதிகமாக உள்ள இடங்களைப் பட்டியலிட்டால் இந்தத் தீவு முதல் வரிசையில் வரும். கரையிலிருந்து சில நிமிடப் பயணம்தான். ஆனாலும் பாலம் கிடையாது. பெரும்பாலும் காரை ஏற்றிச் செல்லும் படகில்தான் போகிறார்கள். அந்தப் படகில் தீவில் வீடு வைத்திருப்பவர் ஏறலாம், அவர் அழைத்த விருந்தாளி ஏறலாம், சமைக்கவும் துடைக்கவும் தோட்டம் பார்க்கவும் வரும் வேலையாட்கள் ஏறலாம். மற்றவர் யாரும் ஏற முடியாது.

பாலம் கட்டப் பணம் இல்லாமல் விட்டுவைத்த இடம் அல்ல இது. பாலம் வந்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்பதுதான் காரணம். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவில் ஓடையோ வயலோ வைத்துப் பிரித்த நாட்டில் பிறந்த நமக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இந்தத் தீவை 1918இல் விலை கொடுத்து வாங்கியவர் ஒரு கறுப்பினத்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் மகன். தன் மக்கள் கடலில் குளிக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக அவர் அதை வாங்கினார். அந்த இடம் இன்று யார் கையில் இருக்கிறது, எப்படிப் போனது என்பதைத் தெரிந்துகொள்வது நம் ஊர்ப் பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கும் உதவும்.

வெட்டிய கால்வாயில் பிறந்த தீவு

இந்தத் தீவு இயற்கையாக உண்டானது அல்ல. மயாமி பீச் என்ற நீண்ட மணல் திட்டின் தென்முனையாக இருந்த நிலம் அது. மயாமி துறைமுகத்துக்குக் கப்பல்கள் நேராக வருவதற்காக 1905இல் அந்தத் திட்டின் குறுக்கே அரசு ஒரு கால்வாய் வெட்டியது. கால்வாய்க்குத் தெற்கே தனியாக நின்றுபோன துண்டுதான் தீவானது. டோர்சி வாங்கிய போது அது 21 ஏக்கர்தான். பிறகு கடலடி மணலைத் தோண்டிக் கொட்டிக் கொட்டி இன்றைய அளவுக்குப் பெரிதாக்கினார்கள்.

இந்த வேலை நடக்கும் விதம் எளிது. ஆழமில்லாத கடலில் சுற்றுச்சுவர் எழுப்புவார்கள். தூர்வாரும் கப்பலின் குழாய் அடியிலிருக்கும் மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சிச் சுவருக்குள் கொட்டும். நீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். மயாமியின் பிஸ்கேன் விரிகுடாவில் இப்படி எழுந்த குடியிருப்புத் தீவுகள் இன்னும் பல. ஸ்டார் ஐலண்ட், பாம் ஐலண்ட், ஹைபிஸ்கஸ் ஐலண்ட், வெனீசியத் தீவுகள் எல்லாம் மனிதர் போட்ட மண்தான். நேற்றுவரை நண்டும் மீனும் இருந்த இடம் இன்று மனையாக விலை போனது.

அந்த மண்ணில் வியர்வை யாருடையது? மயாமி பீச்சில் சதுப்புநிலக் காடுகளை வெட்டிச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பகுதி கறுப்பினக் கூலிகள். மயாமி நகரம் உருவானதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. 1896இல் மயாமியை நகரமாக அறிவிக்கச் சட்டப்படி 300 வாக்காளர்கள் தேவைப்பட்டார்கள். அன்று வாக்களித்தவர்கள் 368 பேர். கறுப்பினத் தொழிலாளர்களின் வாக்கு இல்லாமல் அந்த எண்ணிக்கை கூடியிருக்காது. நகரம் பிறந்ததும் அவர்களுக்குக் கிடைத்தது ரயில் பாதைக்கு மேற்கே ஒதுக்கிக் கொடுத்த ஒரு பகுதி. அதற்குப் பெயரே 'கலர்ட் டவுன்'. இன்று ஓவர்டவுன் என்கிறார்கள். கையெழுத்துக்கு மட்டும் வேண்டும், குடியிருக்க மட்டும் வேண்டாம் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

தச்சராக வந்தவர்

தீவை வாங்கியவரின் பெயர் டானா ஆல்பர்ட் டோர்சி. ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். ஹென்றி பிளாக்லரின் ரயில்வே வேலைக்குத் தச்சராக மயாமிக்கு வந்தார். வந்த இடத்தில் ஒன்றைக் கவனித்தார். தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வீடு இல்லை, வெள்ளையர் பகுதியில் வாடகைக்கும் தர மாட்டார்கள். கலர்ட் டவுனில் ஒரு மனை 25 டாலர் என்ற விலைக்கு வாங்கத் தொடங்கினார். மனைக்கு ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டார். வாடகைப் பணத்தில் அடுத்த மனை வாங்கினார். வாங்கியதை விற்கவில்லை. இப்படியே மயாமியின் முதல் கறுப்பின மில்லியனர் ஆனார். கறுப்பினத்தவர் தங்குவதற்கு ஓட்டல் நடத்தினார். பூங்காவுக்கும் நூலகத்துக்கும் பள்ளிக்கும் நிலம் கொடுத்தார். அவர் பெயரில் இன்றும் அங்கே பூங்காவும் பள்ளியும் உள்ளன.

அவ்வளவு செல்வம் இருந்தும் அவரால் ஒன்று முடியாது. மனைவி மக்களோடு கடற்கரைக்குப் போய்க் காலை நனைக்க முடியாது. மயாமியைச் சுற்றியுள்ள கடற்கரை முழுவதும் வெள்ளையருக்கு என்று வைத்திருந்தார்கள். கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு, அந்த மணலைச் சமன்படுத்தியும் கொடுத்துவிட்டு, அந்தக் கடலில் இறங்க அனுமதி இல்லை. ஊர்க் குளத்தைத் தூர்வார நம்மைக் கூப்பிட்டு, தண்ணீர் நிறைந்ததும் படித்துறையில் இறங்காதே என்ற கதைதான்.

டோர்சி மனு கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. 1918இல் அந்த 21 ஏக்கர் தீவை வாங்கினார். கறுப்பினத்தவருக்கென்று கடற்கரையும் தங்கும் விடுதியும் அமைப்பது அவர் திட்டம்.

ஓராண்டில் கை மாறியது

திட்டம் நிறைவேறவில்லை. 1919இல் தீவை விற்றுவிட்டார். வாங்கியது கார்ல் பிஷரின் நிறுவனம். மயாமி பீச்சை மணல் கொட்டி மனை போட்டு விற்ற அதே கார்ல் பிஷர். தீவுக்கு அவர் பெயரே நிலைத்தது.

ஏன் விற்றார்? நிலத்தின் விலையும் அதை வைத்திருக்கும் செலவும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சுற்றியுள்ள நிலம் முழுவதும் ஒரே கூட்டத்தாரின் கையில் இருந்தது. நீதிமன்றமும் அவர்களுக்கே சாதகம். அந்த நிலையில் ஒரு தனிமனிதர் ஒரு தீவை எத்தனை நாள் தாங்குவார்? கையில் பணம் இருந்தது, பக்கத்தில் சட்டம் இல்லை.

1925இல் பிஷர் அந்தத் தீவு நிலத்தைக் கொடுத்து, வில்லியம் வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரரிடமிருந்து ஒரு சொகுசுக் கப்பலை மாற்றாக வாங்கிக்கொண்டார். ஒரு சமூகத்தின் ஒரே கடற்கரையாக இருந்திருக்க வேண்டிய இடம், இரண்டு பணக்காரர்களுக்குள் பண்டமாற்றுப் பொருளானது. வாண்டர்பில்ட் அங்கே குளிர்கால மாளிகை கட்டினார். அவருக்குப் பிறகும் பணக்காரர் கையிலிருந்து பணக்காரர் கைக்கே போய், 1980களில் இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

இடைப்பட்ட காலத்தில் பத்திரப் பதிவே சாதிச் சுவராக வேலை செய்தது. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தத் தெருவில் இன்ன நிறத்தவர் குடியிருக்கக் கூடாது என்று நகராட்சி சட்டம் போட முடியாது என்றது. உடனே மனை விற்பவர்கள் வேறு வழி கண்டார்கள். வெள்ளையர் அல்லாதாருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதினார்கள். அரசு செய்தால்தானே தவறு, தனியார் ஒப்பந்தம் தானே என்றார்கள். மயாமி பீச்சில் வேலைக்கு வரும் கறுப்பினத்தவர் கைரேகை கொடுத்துப் போலீஸிடம் அடையாள அட்டை வாங்க வேண்டும் என்ற விதியும் 1930களில் வந்தது. அங்கே மேடையில் பாடிக் கைதட்டு வாங்கிய புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர்கள்கூட, கச்சேரி முடிந்ததும் உறங்குவதற்கு ஓவர்டவுனுக்குத்தான் திரும்ப வேண்டும். பாட்டு வேண்டும், பாடியவர் படுக்க இடம் தர முடியாது.

கடலில் இறங்கியவர்கள்

டோர்சி 1940இல் இறந்தார். அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1945 மே 9 அன்று, மயாமிக்கு வடக்கே ஹாலோவர் கடற்கரைக்குக் கறுப்பின ஆண்களும் பெண்களும் சிலர் வந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமான கடற்கரை அது. அவர்கள் நேராகத் தண்ணீரில் இறங்கினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் லாசன் தாமஸ் என்ற வழக்கறிஞர். கைது செய்தால் ஜாமீனில் எடுக்கப் பணத்தோடு கரையில் நின்றார். கைது செய்தால் வழக்கு வரும், வழக்கு வந்தால் கடற்கரை யாருக்கு என்ற கேள்வி நீதிமன்றம் ஏறும். அதிகாரிகளுக்கு அது தெரியும். கைது செய்யவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி, வர்ஜீனியா கீ என்ற தீவில் கறுப்பினத்தவருக்கென்று ஒரு கடற்கரையை அரசு திறந்தது. வர்ஜீனியா கீ எங்கே இருக்கிறது தெரியுமா? டோர்சி விற்க நேர்ந்த அந்தத் தீவுக்கு அடுத்த தீவு. நடுவில் ஒரு நீர்ச்சந்துதான். தொடக்கத்தில் அங்கேயும் பாலம் இல்லை, படகில்தான் போனார்கள். இருந்தாலும் மக்கள் குவிந்தார்கள். ஒதுக்கிக் கொடுத்த இடம் என்ற குறை உண்டு. ஆனால் அது யாரும் விற்க முடியாத பொது இடம். ஒரு செல்வந்தர் பணத்தால் சாதிக்க முடியாததை, கால் நனைத்த சில மனிதர்கள் மூன்றே மாதத்தில் சாதித்தார்கள்.

1999இல் அந்த வர்ஜீனியா கீ கடற்கரை நிலத்தையும் தனியாருக்கு விடும் பேச்சு எழுந்தது. முன்பு அங்கே குளித்து வளர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கூடித் தடுத்தார்கள். இன்று அது வரலாற்றுப் பூங்கா. எல்லா நிறத்தவரும் போகலாம். பக்கத்துத் தீவுக்கு இன்றும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

மகாடும் மயாமியும்

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு 1927 மார்ச் 20 நினைவுக்கு வந்திருக்கும். அன்றுதான் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று மகாட் நகரின் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று நகராட்சி தீர்மானம் ஏற்கெனவே இருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, தண்ணீர் குளத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க மக்கள் இறங்க வேண்டியிருந்தது. ஹாலோவரில் நடந்ததும் அதுவேதான்.

இரண்டு மக்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் அல்ல. 1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டி, கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுக்கவிருந்த மனுவைப் பற்றி விசாரித்தார். 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்த கிங், யோசித்துப் பார்த்து, ஆம் நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதைப் பின்னாளில் தன் சபையில் சொன்னார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தாங்கியது.

அங்கே சட்டம் மாறியது. 1948இல், நிறம் பார்க்கும் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இல் நிறம் பார்த்து வீடு மறுப்பதே சட்டவிரோதம் ஆனது.

இங்கே என்ன நிலை? 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுத்தால் அது குற்றம் என்று 4ஆம் பிரிவில் சொல்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கல்லூரிக்கோ வேலைக்கோ நகரத்துக்குப் போகும் நம் பிள்ளைகளிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, "வீடு ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு தம்பி" என்று கதவைச் சாத்துகிறார்கள். அதை எப்படி நிரூபிப்பது? 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக்கும் சங்க விதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிறுபான்மைச் சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள அது உதவலாம். அதே வாசல் வழியாக ஆதிக்க சாதியாரும் தங்களுக்கென்று தீவு கட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் நம் கவலை. அமெரிக்கா 1948இல் மூடத் தொடங்கிய வாசலை நாம் 2005இல் திறந்து வைத்திருக்கிறோம்.

கையில் இருப்பதை விடாதீர்கள்

டோர்சியின் கதையைக் கேட்டால் இரண்டு விதமாகப் பேசுவார்கள். நாமும் சம்பாதித்துவிட்டால் சாதி தானாகப் போய்விடும் என்பார் ஒருவர். எவ்வளவு சம்பாதித்தாலும் பயன் இல்லை, பார்த்தீர்களா என்பார் இன்னொருவர். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

டோர்சி வாங்கிக் கொடுத்த பள்ளி நிலத்தில் தலைமுறைகள் படித்தன. அவர் வீட்டில் குடியிருந்தவர்கள் தெருவில் படுக்காமல் பிழைத்தார்கள். நிலம் கையில் இருந்ததால்தான் அந்தச் சமூகம் வழக்கறிஞர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க முடிந்தது. அந்தத் தலைமுறைதான் 1945இல் கடலில் இறங்கியது. ஆகவே நிலம் வேண்டும். ஆனால் தனி ஒருவர் கையில் உள்ள நிலத்தைக் காக்கச் சட்டமும் சங்கமும் வேண்டும். இல்லாவிட்டால் 1918இல் வாங்கியது 1919இல் போய்விடும். ஓவர்டவுனுக்கே அதுதான் நடந்தது. 1960களில் நெடுஞ்சாலைகளை அந்தப் பகுதியின் நடுவில் போட்டார்கள். வீடுகளும் கடைகளும் இடிந்து, மக்களில் பெரும்பகுதி சிதறிப்போனார்கள். சாலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்யும் மேசையில் நம்மவர் இல்லையென்றால் சாலை நம் வீட்டின் மேல்தான் திரும்பும்.

நம்மிடமும் ஒரு தீவு இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் ஓர் அறிக்கை கொடுத்தார். சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று அதில் எழுதினார். அதன் பயனாக 1892இல் சென்னை மாகாண அரசு தலித்துகளுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதற்குப் பிறகும் தலித் அல்லாதாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்கப் பத்திர நிபந்தனை ஒடுக்கப்பட்டவரை வெளியே நிறுத்த எழுதியது. நம் நிபந்தனை ஒடுக்கப்பட்டவரின் நிலம் வெளியே போகாமல் இருக்க எழுதியது. அங்கே அந்த நிபந்தனையை வரி விடாமல் அமல்படுத்தினார்கள். இங்கே வட்டிக் கடனுக்கும் வைத்தியச் செலவுக்கும் கைநாட்டு வாங்கிக்கொண்டு நிலத்தைக் கொண்டுபோனார்கள். பத்திரப் பதிவு அலுவலகமும் பார்த்துக்கொண்டிருந்தது. 1994இல் செங்கல்பட்டு அருகே காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள்.

போன நிலம் திரும்பாது என்று சொல்பவர்களுக்கு இன்னொரு அமெரிக்கச் செய்தியைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் புரூஸ் என்ற கறுப்பினக் கணவன் மனைவி 1912இல் கடற்கரை நிலம் வாங்கி விடுதி நடத்தினார்கள். பூங்கா அமைக்கப் போவதாகச் சொல்லி 1920களில் நகர நிர்வாகம் அதைப் பறித்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2021இல் அதற்கென்றே மாநில அரசு சட்டம் இயற்றியது. 2022இல் நிலம் அவர்கள் வாரிசுகளுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு கவுண்டி நிர்வாகம் அதை ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு வாரிசுகளிடமிருந்து விலைக்கு வாங்கியது. பழைய பத்திரமும் வரலாற்றுக் குறிப்பும் தேடி எடுத்து விடாமல் கேட்டதால் நடந்தது அது.

ஆகவே இந்த விடுமுறையில் மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதில் டி.சி. நிலம் என்றோ நிபந்தனை பட்டா என்றோ குறித்திருக்கும் சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். அதே எண்களுக்கு இன்றைய சிட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கச் சான்று எடுத்தால் எந்த ஆண்டு யார் கைக்கு மாறியது என்பது தெரியும். தாத்தா பாட்டியிடம் கேட்டால் ஏன் மாறியது என்பது தெரியும். தனியாகப் போகாதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள். எடுத்த தாள்களை ஒரே வீட்டில் வைக்காமல் நகல் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது நிபந்தனை பட்டா என்றால், எந்த அவசரத்துக்கும் அதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவசரம் என்றால் சங்கத்தில் சொல்லுங்கள், ஊரில் சொல்லுங்கள்.

உத்தப்புரத்தில் இரு மக்களுக்கும் நடுவே நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம் அதிகாரிகள் இடித்தார்கள். அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் போராட முடிந்தது. பத்திரத்தில் எழுதிய சுவரும், வாடகை வீட்டு வாசலில் எழும் சுவரும், போடாமல் விட்ட பாலமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றைத் தேடிப் பார்க்கப் படிப்பு வேண்டும். படித்தவர்கள் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.